மூலிகையும் கணினியும்: டெங்கு மருந்தாராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழில் ‘நிலவேம்பு’ எனவும் சிங்களத்தில் ‘பிங் கொஹொம்ப’ எனவும் வழங்கும் பெயர்கள் இரண்டும் பொருளால் ஒன்றே. நிலத்தை ஒட்டி வளரும் வேம்பு என்பதையே இரண்டும் உணர்த்துகின்றன. ஆயின் அவை குறிக்கும் செடிகள் ஒன்றல்ல. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர் நிலவேம்பு என்பது அண்ட்ரோகிராபிஸ் பனிக்குலாட்டா என்னுஞ் செடி; ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது; கசப்பு ஒன்றாலன்றி வேறெவ்வகையாலும் வேம்புக்கு உறவில்லாதது. இலங்கை ஆயுர்வேத வைத்தியர் பிங் கொஹொம்ப என்பதோ மன்றோனியா பின்னாட்டா என்னுஞ் சிறு செடி; அது வேம்பின் குடும்பத்திலேயே பிறந்தது. அரிதாகக் கிடைப்பதும் விலை மிகுந்ததுமாகிய அச்செடிக்குப் பதிலாக, முன்னர்க் கூறிய அண்ட்ரோகிராபிசையே ‘ஹீன் பிங் கொஹொம்ப’ என்னும் பெயரால் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு. ஆகவே வெள்ளவத்தைக் காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள நாட்டு மருந்துக் கடையொன்றில் இப்பெயர்களுள் ஒன்றைச் சொல்லிக் கேட்பவர் கையில் வந்து சேரும் பொட்டலத்தில் இருப்பது எச்செடி என்பது, பெயரினால் மட்டும் துணியப்படக் கூடியதன்று.

இக்குழப்பம் தாவரவியலாருக்கே உரியதென்று எண்ணத் தோன்றும். ஆயின் டெங்கு வைரசையும் அதனைப் பரப்பும் நுளம்பையும் எதிர்க்கவல்ல மூலிகைச் சேர்வைகளைக் கணினியின் துணையால் தேடும் ஆராய்ச்சிகள் அண்மைக் காலத்தில் மிகப் பெருகிவிட்டன. அவற்றின் முடிபுகள் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளோடு நின்றுவிடுவதில்லை. செய்தித்தாள்களுக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசிகளுக்கும் சென்று, ‘இம்மூலிகை டெங்குவைத் தடுக்கும் என விஞ்ஞானிகள் நிறுவிவிட்டனர்’ என்னும் வடிவம் பெற்று, தொடர்மாடி வீடுகளின் சமையலறைகளை அடைகின்றன. அங்கே கொதிக்கும் நீரில் இடப்படுவது கணினி ஆராய்ந்த சேர்வையன்று. கடைக்காரர் தந்த பொட்டலம். அவ்வாராய்ச்சிகள் மெய்யாகவே எதனை நிறுவுகின்றன, எதனை நிறுவவில்லை என்பதைப் பகுத்துக் காண்டல் இதனால் இன்றியமையாததாகின்றது.

கொழும்பு மாநகரில் இது வெறும் ஏட்டுப் பொருளன்று. இலங்கையில் டெங்கு நோய் 1962 ஆம் ஆண்டிலே குருதிப் பரிசோதனை வாயிலாக உறுதிசெய்யப்பட்டது. 1989 ஆம் ஆண்டு தொடக்கம் குருதிப்பெருக்கோடு கூடிய கடுங்காய்ச்சல் இந்நாட்டில் நிலைபெற்றுவிட்டது. 2017 இல் நிகழ்ந்தது இதுவரை கண்டவற்றுள் மிகப் பெரிது. அவ்வாண்டு 186,101 பேர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. 440 பேர் இறந்தனர். நோயுற்றோருள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் மேல் மாகாணத்தினர். ஏப்ரல் மாதத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தபின் நகரின் கழிவகற்றல் சீர்குலைந்தமையும், அதனையடுத்துப் பருவமழை வந்தமையும் நுளம்புக்கு வாய்ப்பாயின. நுளம்பு பெருக இடமளித்தலைக் குற்றமாக்கும் சட்டம் 2007 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும் கூரைப் பீலிகளும், கட்டி முடியாத மாடித் தளங்களும், ஒழுங்கைகளில் நீர் சேமிக்கும் பாத்திரங்களும் சட்டத்துக்கு எளிதில் அடங்குவனவாயில்லை. டெங்கு வைரசை நேரே தாக்கும் மருந்து எதுவும் இன்றளவும் அங்கீகாரம் பெறவில்லை. இந்நிலையில் மூலிகையை நோக்கி மக்களும், அம்மூலிகையைக் கணினியில் இட்டுப் பார்க்க ஆய்வாளரும் முற்படுவது இயல்பே.

கணினி செய்வது யாது? டெங்கு வைரசு தன் புரதங்கள் அனைத்தையும் நீண்டதொரு தொடராகவே ஆக்கிப் பின்னர் அதனைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கின்றது. அவ்வாறு வெட்டும் நொதியம் என்.எஸ்.2பி–என்.எஸ்.3 எனப்படும். அதன் வாயை அடைத்துவிட்டால் வைரசு பெருக இயலாது. அந்நொதியத்தின் முப்பரிமாண வடிவம் எக்ஸ்-கதிர்களால் அறியப்பட்டுப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. 1971 இல் தொடங்கிய அப்புரதக் களஞ்சியத்திலிருந்து அவ்வடிவத்தை எவரும் விலையின்றிப் பெறலாம். மூலிகைச் சேர்வை ஒவ்வொன்றின் வடிவத்தையும் அந்நொதியத்தின் பள்ளத்தில் பலவாறு திருப்பியும் வளைத்தும் பொருத்திப் பார்த்து, எது எவ்வளவு இறுகப் பற்றும் என ஒரு மதிப்பெண் இடுவதே கணினியின் தொழில். பூட்டுக்குத் திறவுகோல் தேடுவதை இது ஒக்கும். இதற்கெனப் பெரிதும் கையாளப்படும் ஓட்டோடொக் வீனா என்னும் நிரல் 2010 இல் வெளிவந்தது. அதுவும் விலையின்றிக் கிடைப்பதே. சேர்வைகளின் பட்டியலுக்கோ சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனத்தார் தொகுத்த இம்பாட் என்னும் களஞ்சியம் உண்டு. 2018 இல் அது 1,742 இந்திய மூலிகைகளையும் 9,596 சேர்வைகளையும் கொண்டு வெளிவந்தது. பின்வந்த இரண்டாம் பதிப்பில் மூலிகைகள் 4,010 ஆகவும் சேர்வைகள் 17,967 ஆகவும் பெருகின. செடியின் எவ்வுறுப்பில் எச்சேர்வை உள்ளது என்பதையும் இரண்டாம் பதிப்பு குறிக்கின்றது. கணிதம் பயில்வோர் தொகுத்த இம்மூலிகை அகராதி தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவதொன்று.

ஆக, பூட்டும் இலவசம், திறவுகோலும் இலவசம், பொருத்தும் கையும் இலவசம். ஆய்வுகூடம் இல்லாத கல்லூரியின் மாணவர் ஒருவரும் ஒரு கணினியைக் கொண்டு சில நாட்களில் நூறு சேர்வைகளைச் சலித்துவிடலாம். வறிய நாட்டு அறிவுலகுக்கு இது நற்பேறே. கட்டுரைகள் பெருகுவதற்கும் இதுவே காரணம்.

அம்மதிப்பெண்ணின் இயல்பை முதலில் நோக்குக. அது மூலொன்றுக்கு இத்தனை கிலோகலோரி என எழுதப்படும்; எதிர்க்குறி பெருகப் பெருகப் பிணைப்பு வலிதென்பது கருத்து. உடல் வெப்பநிலையில் 1.4 அலகு வேறுபாடு பிணைப்பின் வலிமையில் பத்து மடங்கு வேறுபாடாகும். இத்தகைய நிரல்களின் கணிப்புக்கும் சோதனைக்குழாயில் அளந்த உண்மைக்கும் இடையே இரண்டு அலகோ அதற்கு மேலோ பிழை நேர்வது வழக்கம் என்பதை அவற்றை ஆக்கியோரே மறைத்தாரில்லை. இரண்டு அலகென்பது இருபது மடங்கிற்கு மேற்பட்ட பிழை. அவ்வாறிருக்க, மைனஸ் 8.9 பெற்ற சேர்வை மைனஸ் 8.6 பெற்றதனினும் சிறந்தது என முடிபு கூறும் கட்டுரைகள் எண்ணிறந்தன. அரிசி மூட்டை நிறுக்கும் தராசிலே பொன் நிறுப்பது போன்றது இது. நூறு சேர்வைகளுள் பயனற்ற எழுபதைத் தள்ளிவிட அத்தராசு உதவும். எஞ்சிய முப்பதுள் முதல்வன் எவன் என்று கூற அதனால் ஆகாது.

அதனினும் ஆழ்ந்த குறையொன்று உளது. 2006 ஆம் ஆண்டிலே ஒரே ஆய்வுக் குழுவினர் இரு நொதியங்களின் வடிவத்தை ஒருங்கே வெளியிட்டனர். ஒன்று மேற்கு நைல் வைரசினது. தடுப்பான் ஒன்று பள்ளத்தில் அமர்ந்த நிலையில் எடுக்கப்பட்டது. மற்றது டெங்கு வைரசினது. களஞ்சியத்தில் 2எஃப்ஓஎம் என்னும் குறியீடு உடையது. தடுப்பான் இன்றி எடுக்கப்பட்டது. இவ்விரண்டாவது வடிவில் நொதியத்தின் துணைப்பகுதி பள்ளத்தை விட்டு விலகித் தொலைவிற் கிடக்கின்றது. அந்நொதியம் தன் தொழிலைச் செய்யும்போது அத்துணைப்பகுதி வந்து பள்ளத்தைச் சூழ்ந்துகொள்ளும். ஆகவே 2எஃப்ஓஎம் காட்டுவது தொழில் செய்யா நிலை. டெங்கு நொதியமே தடுப்பானோடு கூடியிருக்கும் வடிவம் 2012 இல் வெளிவந்தது. எனினும் அதற்குப் பின்னரும் பழைய வடிவிலேயே மூலிகைச் சேர்வைகளைப் பொருத்திப் பார்த்தோர் பலர். திறந்து கிடக்கும் கதவுக்குத் திறவுகோல் தேடுவதனாற் பயன் யாது? பொருத்தமான வடிவைத் தேர்ந்தாலும் அப்பள்ளம் ஆழமற்றது, மின்னேற்றம் மிக்கது; மருந்துச் சேர்வைகள் தங்கி நிற்பதற்கு உகந்ததன்று. செல்வ நாடுகளின் மருந்து நிறுவனங்கள் அதில் நெடுங்காலம் முயன்றும் மருந்தொன்று காணாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, இக்கட்டுரைகளின் பட்டியல்களில் முதலிடம் பெறுவன எவை எனின், பெரும்பாலும் அறிமுகமானவர்களே: ரூட்டின், எஸ்பெரிடின், குவர்செட்டின், மஞ்சளின் குர்க்குமின். புரதம் டெங்குவினதாயினும் நுளம்பினதாயினும் புற்றுநோயினதாயினும் இவர்களே வந்து நிற்பதைக் காண்போருக்கு ஐயம் எழுதல் வேண்டும். காரணம் எளிது. அணுக்கள் மிகுந்த பெரிய மூலக்கூறு பற்றுமிடங்கள் பல உடைமையால் கணினியிடம் மிகுந்த மதிப்பெண் பெறுகின்றது. அதே பருமன் குடலிலிருந்து குருதிக்குள் புகுவதற்குத் தடையாகின்றது. ரூட்டின் பெரும்பாலும் குடற் கிருமிகளாற் சிதைக்கப்படுவது. குர்க்குமினோ சோதனைக்குழாயில் எதனோடும் ஒட்டிப் பொய்ப்பயன் காட்டும் இயல்பினது. 2017 இல் மருத்துவ இரசாயனவியலார் சிலர் அதுபற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஆராய்ந்து, அதனை மருந்தாக்கும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்றே முடித்தனர்.

நிலவேம்புக்கு மீள்வோம். அதன் கசப்புக்குக் காரணமாகிய அண்ட்ரோகிராபோலைட்டு கணினிச் சலிப்புகளில் அடிக்கடி இடம்பெறுவது. இச்சேர்வையைப் பொறுத்தமட்டிற் கணினியோடு ஆய்வு நின்றுவிடவில்லை. தாய்லாந்து ஆய்வாளர் 2017 இல் டெங்கு வைரசு புகுந்த மனித உயிர்க்கலங்களில் அதனை இட்டு வைரசு குறைவதைக் கண்டனர். வைரசைப் பாதியாக்க ஏறத்தாழ 20 மைக்குரோமோலர் செறிவு வேண்டியிருந்தது. வாய்வழி உண்டோரின் குருதியில் அச்சேர்வை காணப்படும் அளவு அதற்கு மிகவும் குறைவு. ஆயினும் இது நேர்மையான இரண்டாம் படி, பாராட்டத்தக்கது.

தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டு முதல் டெங்கு பரவிய காலங்களிற் பொதுமக்களுக்கு அரசால் வழங்கப்பட்டது நிலவேம்புக் குடிநீர். அதில் நிலவேம்பு மட்டுமன்று. வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம் ஆகியனவும் சேர ஒன்பது சரக்குகள் உண்டு. அவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி வற்றவைத்துக் குடிப்பதே முறை. அண்ட்ரோகிராபோலைட்டு நீரில் எளிதிற் கரையாத பொருள். 2020 இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு நிலவேம்புக் குடிநீர்ச் சரக்கை டெங்கு, சிக்குன்குன்யா ஆகிய இரு வைரசுகளுக்கும் எதிரே உயிர்க்கலங்களிற் சோதித்துப் பயன் கண்டதாகக் கூறிற்று. ஆயின் அதிற் சோதிக்கப்பட்டது எதனோல் என்னும் மதுசாரத்தில் வடித்த சாறு. மக்கள் குடித்ததோ நீரில் காய்ச்சியது. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றென்பதற்கு உறுதியில்லை. கணினி ஆராய்ந்தது ஒரு சேர்வை. ஆய்வுகூடம் ஆராய்ந்தது ஒரு மதுசாரச் சாறு. வீதியில் வழங்கியது ஒன்பது சரக்கின் நீர்க்கஷாயம். இம்மூன்றனுள் ஒன்றன் சான்றை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுவதே இத்துறையின் பெரும் பிழை. 2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடியும்வரை இக்குடிநீரை விநியோகிக்க வேண்டாம் எனத் தம் இரசிகரைக் கேட்டுக்கொண்டபோது எழுந்த பூசலில், மரபை இகழ்ந்தோர் எனவும் விஞ்ஞானத்தை மறுத்தோர் எனவும் ஒருவரையொருவர் பழித்தனரேயன்றி, எந்தச் சாறு எந்த நோயாளருக்கு எவ்வளவு என்னும் வினா பெரிதும் எழவில்லை. சித்த மருத்துவரின் மரபுமே ஒற்றைச் சேர்வையைப் பற்றி யாதுங் கூறியதன்று. ஒன்பதையும் பிரித்து ஒன்றைக் கணினிக்கு இடுவோர் அம்மரபை நிறுவுவோருமல்லர்.

பக்குவம் எத்துணை முக்கியம் என்பதற்குச் சீனத்து ஆட்டிமிசினின் சிறந்த சான்று. மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ அம்மையார், காய்ச்சிய சாறு பயன் தராமை கண்டு, பழைய மருத்துவ நூலொன்று அம்மூலிகையைக் காய்ச்சுமாறு கூறாது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியதை நோக்கினார். வெப்பம் குணத்தை அழிக்கின்றது போலும் என எண்ணி, 1971 இல் தாழ்ந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு வடித்தார், பயன் கிடைத்தது. 2015 இல் நோபெல் பரிசும் கிடைத்தது. அங்கே பழைய நூலை ஊன்றிப் படித்தலே சலிப்பாயிற்று.

உயிர்க்கலத்திலும் எலியிலும் வென்ற சேர்வை மனிதரிடத்துத் தோற்பதும் உண்டு. அவுஸ்திரேலிய மரமொன்றின் விதையிலுள்ள கஸ்டனோஸ்பேர்மீன் என்னும் பொருளிலிருந்து ஆக்கப்பட்ட செல்கோசிவிர், டெங்கு வைரசு தொற்றிய எலிகளைக் காத்தது. சிங்கப்பூரில் 50 நோயாளரிடம் அது முறையாகச் சோதிக்கப்பட்டு முடிபு 2014 இல் வெளியானது: தீங்கில்லை, ஆயின் குருதியிலுள்ள வைரசும் காய்ச்சலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அண்மையில் மிகுந்த நம்பிக்கை ஊட்டியது பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தார் தொடக்கிய மொஸ்னோடென்விர். அது மூலிகையுமன்று, கணினிச் சலிப்பிற் பிறந்ததுமன்று. ஆயிரக்கணக்கான சேர்வைகளை வைரசு தொற்றிய உயிர்க்கலங்களில் நேரே இட்டுப் பார்த்து அவ்வழி கண்டது. அதன் களச்சோதனையையும் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டது. மதிப்பெண் பட்டியலுக்கும் மருந்துப் புட்டிக்கும் இடையேயுள்ள தொலைவு இது.

நுளம்பை நோக்கிய சலிப்புக்கும் இவை பொருந்தும். ஆயின் அங்கே மன்னிப்புக்கு இடம் இன்னுங் குறைவு. நுளம்பின் நரம்பு நொதியமாகிய அசற்றைல்கோலினெசுத்தரேசையும், மணங்களை ஏந்திச் செல்லும் அதன் உணர்கொம்புப் புரதங்களையும் இலக்காகக் கொண்டு மூலிகை எண்ணெய்ச் சேர்வைகளைப் பொருத்திப் பார்க்கின்றனர். முன்னையது மனிதரிடத்தும் உண்டு என்பதைச் சில கட்டுரைகள் மறந்தே போகின்றன. பின்னையதிற் பெரும் மதிப்பெண் பெற்ற எண்ணெய் தோலின்மேல் எத்தனை நிமிடம் ஆவியாகாது நிற்கும் என்பதைக் கணினி அறியாது. தென்னிலங்கையில் நெடுங்காலம் வடிக்கப்பட்டு ஏற்றுமதியான சிட்ரொனெல்லா எண்ணெயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘லேனபத்து’ எனப்படும் இலங்கை வகையில் சிட்ரொனெல்லால் என்னும் சேர்வை சிறிதே. ‘மகா பெங்கிரி’ எனவும் யாவா வகை எனவும் வழங்குவதில் அது பன்மடங்கு. நிலவேம்பிற் கண்ட அதே இடர்: பெயர் ஒன்று, உள்ளீடு வேறு.

வைரசைச் சோதிக்கக் காவலமைந்த ஆய்வுகூடம் வேண்டும்; அஃது எல்லோருக்கும் வாய்ப்பதன்று. நுளம்புக் குடம்பியைச் சோதிக்க வேண்டுவதோ ஒரு கிண்ணம் நீர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி 25 குடம்பிகளை ஒரு கிண்ணத்தில் இட்டு, அளந்த மருந்தைக் கலந்து, 24 மணித்தியாலத்தின் பின் இறந்தவற்றை எண்ணுவர். மருந்திடாத கிண்ணமும் பக்கத்தில் இருக்கும். மழைக்காலத்துக் கொழும்பிற் குடம்பிக்குப் பஞ்சமில்லை. இதனையும் செய்யாது கணினியோடு நின்று, ‘சிறந்த நுளம்புக்கொல்லி’ எனத் தலைப்பிடும் கட்டுரையை முடியாத கட்டுரை என்றே கொள்ளல் வேண்டும். அதுபோன்றே, ஆராய்ந்த செடியின் உலர்ந்த மாதிரி பேராதனைத் தேசிய மூலிகைக் காட்சிச்சாலை போன்ற ஓரிடத்தில் எண்ணிட்டு வைக்கப்படாத கட்டுரையில், ஆராயப்பட்டது எச்செடி என்பதைப் பின்வருவோர் அறிய வழியில்லை.

நோயாளரிடத்து இக்குழப்பம் உயிர்ப் பொருளாகின்றது. கொழும்பில் நிலவேம்பினும் பரவலாகக் கையாளப்படுவது பப்பாசியிலைச் சாறு. 2008 இல் இலங்கையின் குடும்ப மருத்துவர் சஞ்சிகையொன்றில் வெளியான முன்னோட்ட ஆய்வு பன்னிரு நோயாளரைப் பற்றியது. 2013 இல் மலேசியாவில் 228 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில், சாறு அருந்தியோரின் குருதிச் சிறுதட்டுகள் விரைவில் உயர்ந்தமை காணப்பட்டது. இவற்றைத் துணைக்கொண்டு பப்பாசிச் சேர்வைகளும் டெங்குப் புரதங்களிற் பொருத்திப் பார்க்கப்பட்டன. ஆயின் அளக்கப்பட்டது சிறுதட்டின் எண்ணிக்கை. டெங்குவால் இறப்போர் பெரும்பாலும் இறப்பது சிறுதட்டுக் குறைவினாலன்று. குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்ச் சுவர்களின் வழியே கசிந்து, குருதியமுக்கம் வீழ்ந்து, உறுப்புகள் நலிவதனால். பிழைப்போரிடத்துச் சிறுதட்டுகள் மருந்தின்றியும் தாமே மீளும். 2017 இல் நோயுற்ற ஆயிரவருள் இறந்தோர் மூவரினுங் குறைவாயினமைக்கு மூலிகையும் காரணமன்று, வைரசுக்கொல்லியும் காரணமன்று. அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலை முதலியவற்றின் மருத்துவரும் தாதியரும் மணிக்கு மணி அளந்து ஏற்றிய நீர்மமே.

அக்கசிவு தொடங்கும் காலம் கருத்திற் கொள்ளத்தக்கது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குப் பின்னர், பெரும்பாலும் வெப்பம் தணியும் வேளையிலேயே அது தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கின்றது. மூன்று நாளாகக் கஷாயம் கொடுத்த வீட்டார் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் விட்டுவிட்டது, மருந்து பலித்தது என ஆறுதலடையும் நாளும் அதுவே. கைகால் குளிர்தல், ஓயாத வாந்தி, வயிற்றுநோ, சிறுநீர் குறைதல் ஆகியவை அன்று தோன்றுமாயின், வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலை வைத்தியசாலைக்கோ கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்கோ செல்லும் சிறிது தூரத்தைக் கடக்கச் சில மணித்தியாலமே எஞ்சியிருக்கும்.